சிறப்புப் பள்ளிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: எப்படிப் பேசுவது, எப்படி எழுதுவது

நீங்கள் ஒரு சிறப்புப் பள்ளியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கலாம். தன்னார்வலராகப் போகத் தொடங்கியிருக்கலாம். செய்தியாளராக ஒரு தாயைப் பேட்டி எடுக்கப் போகலாம். கல்யாணமாகிப் போன வீட்டில் கணவரின் தம்பிக்கு ஆட்டிசம் இருக்கலாம். யாராக இருந்தாலும் முதல் நாள் வருகிற தயக்கம் ஒன்றுதான்: அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள இவரைப் பற்றிப் பேசும்போது என்ன சொல் சொல்வது? தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் பலர் வாயே திறப்பதில்லை. இவர்களின் குடும்பங்கள் ஏற்கெனவே கோயிலிலும் பேருந்திலும் கல்யாண மண்டபத்திலும் ஆட்கள் ஒதுங்கிப் போவதைப் பார்த்துச் சலித்தவர்கள். நீங்களும் ஒதுங்கி நிற்க வேண்டாம். இந்தக் கட்டுரையில் உள்ளதை ஒவ்வொன்றாகப் பழகிக்கொள்ளுங்கள், போதும்.

முதலில், எது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

நம் பேச்சில் மூன்று நான்கு வெவ்வேறு நிலைகளை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். "மனநலம் குன்றியவர்" என்று பத்திரிகையில் வரும் செய்தியைப் படித்தால், அவருக்கு அறிவுசார் குறைபாடா, மனச்சிதைவு போன்ற மனநோயா, ஆட்டிசமா என்று கண்டுபிடிக்கவே முடியாது. சொல் மரியாதையாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் அது சரியான சொல்லா என்று பாருங்கள்.

அறிவுசார் குறைபாடு என்பது பிறவியிலிருந்தோ வளரும் பருவத்திலோ இருப்பது. புரிந்துகொள்வது, யோசித்து முடிவெடுப்பது ஆகியவற்றிலும், பணத்தைக் கையாள்வது, தனியாகப் பயணம் போவது போன்ற அன்றாடத் திறன்களிலும் துணை தேவைப்படும். பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் சிண்ட்ரோம் இதற்கு ஒரு காரணம். வேறு பல காரணங்களும் உண்டு, காரணம் தெரியாமலும் இருக்கும். மனநோய் எந்த வயதிலும் வரலாம். சிகிச்சையால் குறையலாம். அறிவுத்திறனோடு அதற்கு நேரடித் தொடர்பு இல்லை. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய்க்கு விளக்கம் சொல்லும் இடத்திலேயே அறிவுசார் குறைபாட்டை அதிலிருந்து விலக்கிவிடுகிறது. ஆட்டிசம் என்பது மூளை வேறு விதமாக வளர்வதால் ஏற்படும் நிலை. மற்றவர்களோடு தொடர்புகொள்ளும் விதம், ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை உணரும் விதம் எல்லாம் அதில் மாறுபடும். ஆட்டிசத்தோடு அறிவுசார் குறைபாடும் சேர்ந்து சிலருக்கு இருக்கும், பலருக்கு இருக்காது. மூளை முடக்குவாதம் உடல் அசைவு சம்பந்தப்பட்டது. வாய் குழறி, கை கால் இழுத்துக்கொண்டு இருப்பதைப் பார்த்து "இவருக்கு ஒண்ணும் புரியாது" என்று முடிவு கட்டி, எல்லாம் புரிகிற ஒருவரை அவர் கண் முன்னாலேயே பேசி அவமானப்படுத்துவது நம் ஊரில் தினமும் நடக்கிறது.

டிஸ்லெக்சியா (எழுத்துக்கூட்டிப் படிப்பதில் வரும் சிரமம்) போன்ற கற்றல் குறைபாடு இவை எல்லாவற்றிலிருந்தும் வேறு. லண்டனில் இருக்கும் தமிழர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் தகவல்: பிரிட்டனில் "லேர்னிங் டிஸபிலிட்டி" என்றால் நாம் அறிவுசார் குறைபாடு என்று சொல்வதைத்தான் குறிக்கும். இந்தியாவில் அதே சொல்லுக்குப் பொருள் டிஸ்லெக்சியா வகை. இரண்டு ஊர் ஆவணங்களையும் சேர்த்துப் படிக்கும்போது குழம்ப வேண்டாம்.

பழைய சொற்களைத் தெரிந்துவைத்திருங்கள்

எந்தச் சொல்லை விட வேண்டும் என்பது மட்டும் தெரிந்தால் போதாது. ஏன் விட்டார்கள் என்று தெரிந்தால்தான் நாளைக்கு இன்னொரு சொல் மாறும்போது எரிச்சல் வராது.

இன்று வசவாக இருக்கும் இடியட், இம்பெசில், மோரான் மூன்றும் ஒரு காலத்தில் மருத்துவர்கள் சான்றிதழில் எழுதிய சொற்கள். மோரான் என்ற சொல்லை 1910-ல் அமெரிக்க உளவியலாளர் ஹென்றி காடர்ட் கொண்டுவந்தார். "மன வயது" எட்டு முதல் பன்னிரண்டு வரை என்று அவர் கணித்தவர்களுக்கான வகைப்பெயர் அது. பிறகு அவை திட்டும் சொற்களாகிவிட, அவற்றுக்குப் பதிலாக "மென்டல் ரிட்டார்டேஷன்" என்ற சொல் நிலைத்தது. அதுவும் பள்ளி மைதானங்களில் கேலிச் சொல்லாகிப் போனது. அமெரிக்காவில் மேரிலாந்தைச் சேர்ந்த ரோசா மார்செல்லினோ என்ற டவுன் சிண்ட்ரோம் உள்ள சிறுமியின் குடும்பம் அதை எதிர்த்துப் போராடி, 2010 அக்டோபரில் அவள் பெயராலேயே ஒரு சட்டம் வந்தது. கூட்டாட்சிச் சட்டங்களில் அந்தச் சொல் இருந்த இடங்களில் "இன்டெலக்சுவல் டிஸபிலிட்டி" வந்தது. 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடும் மாறியது.

டவுன் சிண்ட்ரோமுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1866-ல் அதை விவரித்த ஜான் லாங்டன் டவுன், மங்கோலிய இனத்தின் சாயல் என்று கருதி அந்த இனத்தின் பெயரையே வைத்தார். அந்தப் பெயர் தவறானது, அவமானகரமானது என்று 1961-ல் மருத்துவ அறிஞர்கள் சிலர் சேர்ந்து எழுதினார்கள். பிறகு மங்கோலியா நாடே உலக சுகாதார நிறுவனத்திடம் கேட்டுக்கொண்ட பின் அது கைவிடப்பட்டது.

இந்தியாவில் 1995-ம் ஆண்டுச் சட்டம் "மென்டல் ரிட்டார்டேஷன்" என்றுதான் சொன்னது. ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொண்ட அந்தச் சட்டத்தில் ஆட்டிசம் இல்லவே இல்லை. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சேர்த்தது, பெயரையும் அறிவுசார் குறைபாடு என்று மாற்றியது. செகந்திராபாத்தில் அறிவுசார் குறைபாட்டுக்கென்று இருக்கும் தேசிய நிறுவனமும் தன் பெயரை மாற்றிக்கொண்டது. ஆனால் 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் தலைப்பில் பழைய சொல் இன்னும் அப்படியே இருக்கிறது. பதினெட்டு வயது தாண்டியவருக்குச் சட்டப்பூர்வக் காப்பாளர் நியமனம் கேட்டுப் போகிற பெற்றோர் அந்தச் சொல்லைப் பார்க்கத்தான் வேண்டியிருக்கும். நீங்கள் உடன் போனால் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தமிழில் மந்தபுத்தி, மூளை வளர்ச்சி இல்லாதவர், மனவளர்ச்சி குன்றியோர் என்று வரிசையாக வந்திருக்கிறோம். இப்போது அறிவுசார் குறைபாடு உள்ளவர், அறிவுசார் மாற்றுத்திறனாளி என்ற இரண்டும் புழங்குகின்றன. பழைய சான்றிதழ்களில் "மனவளர்ச்சி குன்றியவர்" என்று இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். பெற்றோரிடம் அதைக் கிழித்துப் போடச் சொல்லவும் வேண்டாம். யூடிஐடி அட்டைக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கு மத்திய அரசு தரும் தனி அடையாள அட்டை) விண்ணப்பிக்கும்போது பழைய சான்றிதழ் கையில் இருப்பது உதவும். விண்ணப்பப் படிவத்தில் என்ன சொல் அச்சாகியிருக்கிறதோ அதையே எழுதுங்கள். அங்கே நம் விருப்பச் சொல்லை எழுதி, அந்தக் குடும்பத்தை இன்னொரு முறை அலைய வைக்க நமக்கு உரிமை இல்லை.

பொதுவாகச் சொல்ல எந்தச் சொல்?

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளி. ஊனமுற்றோர் என்ற சொல்லை மாற்றி, கருணாநிதி முதல்வராக இருந்தபோது 2010-ல் துறையின் பெயரையே மாற்றுத்திறனாளிகள் நலத்துறை ஆக்கினார்கள். உரிமைக்காகப் போராடும் சங்கங்களும் அதையே தங்கள் பெயரில் வைத்திருக்கின்றன. அதை ஏற்காதவர்களும் உண்டு: "எனக்கு மாற்றுத் திறன் எதுவும் இல்லை, இருப்பது குறைபாடு, தேவைப்படுவது சாய்தளமும் சம உரிமையும்" என்பது அவர்கள் வாதம். 2015 டிசம்பரில் பிரதமர் மோடி "திவ்யாங்" என்ற சொல்லை முன்வைத்தபோது இந்தியா முழுக்க மாற்றுத்திறனாளி அமைப்புகள் எழுப்பிய எதிர்ப்பும் இதே வகைதான்: தெய்வீகம் என்று சொல்லி உரிமையை மறக்கடிக்காதீர்கள் என்றார்கள். எனக்கு அந்த வாதத்தில் நியாயம் தெரிகிறது. இருந்தாலும் தமிழ்நாட்டில் பொதுச் சொல்லாக மாற்றுத்திறனாளியையே பயன்படுத்துகிறேன். அந்த மக்கள் தாங்களே பெரும்பாலும் அதைச் சொல்வதால்தான். இலங்கையில் "விசேட தேவையுடையோர்" என்பது அதிகம் புழங்கும், அங்கே எழுதும்போது அங்குள்ள வழக்கத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு குறிப்பிட்ட நபரைப் பற்றி என்றால் பொதுச் சொல்லை விட்டுவிட்டு நிலையின் பெயரைச் சொல்வதுதான் நல்லது: டவுன் சிண்ட்ரோம் உள்ளவர், அறிவுசார் குறைபாடு உள்ளவர், ஆட்டிசம் உள்ளவர். அப்புறம் அதையும் தேவைப்படும் இடத்தில் மட்டும். ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்த செய்தியில் தேவைப்படலாம். அவர் வீட்டுக் கிரகப்பிரவேசச் செய்தியில் எதற்கு?

எந்த வினையைச் சேர்க்கிறீர்கள் என்று கவனியுங்கள்

ஆங்கிலத்தில் இது பற்றி ஒரு பெரிய விவாதம் உண்டு. 1974-ல் அமெரிக்காவின் ஓரிகனில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களே கூடி, "முதலில் நாங்கள் மனிதர்கள், அப்புறம்தான் மற்றது" என்று சொல்லி ஓர் இயக்கம் கண்டார்கள். அதனால் ஆங்கிலத்தில் மனிதரைக் குறிக்கும் சொல்லை முன்னால் வைத்து, நிலையைப் பின்னால் சொல்லும் வழக்கம் பரவியது. ஆட்டிசம் உள்ளவர்களில் பலர் இதை மறுத்தார்கள். அவர்களில் ஒருவரான ஜிம் சின்க்ளேர் 1999-ல் எழுதினார்: ஆட்டிசத்தை என்னிடமிருந்து பிரித்தெடுக்க முடியாது, அது கழற்றி வைக்கும் பொருள் இல்லை என்ற கருத்தில். 2016-ல் வெளியான பிரிட்டன் ஆய்விலும் இதே பிளவு தெரிந்தது. தொழில்முறையாளர்கள் மனிதரை முன்னால் வைக்கும் வடிவத்தை விரும்ப, ஆட்டிசம் உள்ள பெரியவர்களில் பலர் ஆட்டிசத்தை முன்னால் வைக்கும் வடிவத்தை விரும்பினார்கள்.

இந்த வரிசைச் சண்டை தமிழுக்கு அப்படியே பொருந்தாது. தமிழில் எப்படிச் சொன்னாலும் அடைமொழிதான் முன்னால் வரும். "ஆட்டிசம் உள்ள பெண்" என்றாலும் ஆட்டிசம்தான் முதலில். நம் மொழியில் அவமரியாதை வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. நடுவில் வரும் வினையைப் பாருங்கள். "ஆட்டிசத்தால் பாதிக்கப்பட்ட", "டவுன் சிண்ட்ரோமால் அவதிப்படும்", "மூளை குன்றிய" என்று எழுதினால் அவர் வாழ்க்கையே துயரம் என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். "உள்ள", "உடைய" என்ற எளிய சொற்கள் போதும். ஆட்டிச நிலையாளர் என்ற சொல்லும் தமிழில் எழுதுகிறவர்களிடையே புழங்குகிறது. எனக்குப் பிடித்த சொல் அது. நோயாளி என்ற சொல் இங்கே எதற்கும் வேண்டாம்.

வயதுக்கேற்ற மரியாதை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்தில் எல்லோரும் "யூ"தான். தமிழில் நீ, நீங்கள் என்று இரண்டு உண்டு, அவன், அவர் என்று இரண்டு உண்டு. முப்பத்தைந்து வயது ஆண் ஒருவர், மீசை நரைக்கத் தொடங்கியவர், தொழிற்கூடத்தில் காகிதப் பை செய்து சம்பளம் வாங்குகிறவர். அவரைப் புதிதாக வந்த இருபத்திரண்டு வயது ஆசிரியை "டேய் கண்ணா, சாப்பிட்டியா?" என்கிறார். பாசமாகத்தான் கேட்கிறார், சந்தேகமில்லை. ஆனால் பக்கத்தில் நிற்கும் அதே வயதுடைய ஓட்டுநரை "அண்ணா" என்று கூப்பிடுகிறார். இந்த வித்தியாசத்தை அந்த முப்பத்தைந்து வயதுக்காரர் கவனிக்காமல் இல்லை. பேச வராதவரும் கவனிக்கிறார்.

"சிறப்புக் குழந்தை", "தெய்வக் குழந்தை" என்ற சொற்களிலும் இதே சிக்கல். ஐந்து வயதுக் குழந்தையைச் சிறப்புக் குழந்தை என்று பெற்றோர் சொல்வதை நான் குறை சொல்ல மாட்டேன். நாற்பது வயதானவருக்கும் அதே பெயர் என்றால், அவருக்கு வேலை, காதல், கல்யாணம், ஓட்டுரிமை, தனி அறை எதுவும் தேவையில்லை என்ற எண்ணம் சுற்றி இருப்பவர்களிடம் படிந்துவிடுகிறது. "உடம்புக்கு முப்பது வயசு, மனசுக்கு மூணு வயசு" என்று நிகழ்ச்சிகளில் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். அவர் முப்பது வருடம் வாழ்ந்திருக்கிறார். அப்பாவின் சாவைப் பார்த்திருக்கிறார், தங்கை கல்யாணமாகிப் போனதைப் பார்த்திருக்கிறார், அழுதிருக்கிறார். மூன்று வயதுக் குழந்தைக்கு அந்த வாழ்க்கை கிடையாது.

செய்ய வேண்டியது சுலபம். அதே வயதுள்ள மற்றவரை எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே கூப்பிடுங்கள். உங்களைவிடப் பெரியவர் என்றால் அண்ணா, அக்கா. வேலையிடம் என்றால் பெயரோடு சார், மேடம். எழுதும்போது அவர், இவர். வீட்டில் அம்மா "அவன் சாப்பிட்டானா?" என்று கேட்கலாம், அது தாயின் உரிமை. நீங்கள் பதில் சொல்லும்போது "சாப்பிட்டார்மா" என்றே சொல்லுங்கள்.

இன்னொன்று: அவர் எதிரிலேயே நிற்கும்போது "இவருக்கு டீ வேணுமா?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்காதீர்கள். அவரிடமே கேளுங்கள். பதில் வர நேரம் ஆகலாம், காத்திருங்கள். கை காட்டலாம், படத்தைத் தொட்டுக் காட்டலாம், கருவியில் தட்டலாம். அதுவும் பதில்தான். வாயால் பேசாதவரை ஊமை என்று சொல்வதையும் விட்டுவிடுங்கள்.

ஆட்டிசம் பற்றிச் சில தனிக் குறிப்புகள்

தமிழில் மதியிறுக்கம் என்ற சொல் அகராதிகளிலும் கட்டுரைகளிலும் உண்டு. அரசு ஆவணங்களில் "புற உலக சிந்தனையற்ற" என்ற தொடரையும் பார்ப்பீர்கள். படிவத்தில் இருந்தால் எழுதித்தான் ஆக வேண்டும், பேச்சில் தவிருங்கள். அந்தத் தொடர் சொல்வது உண்மையில்லை. குக்கர் விசில், மின்விசிறியின் சத்தம், ட்யூப் லைட்டின் துடிப்பு எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே புகுந்து திணறடிப்பதால் காதைப் பொத்திக்கொள்கிறவரைப் புற உலகச் சிந்தனை இல்லாதவர் என்று எப்படிச் சொல்வது? ஆட்டிசம் என்ற சொல் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு நன்றாகவே பழகிவிட்டது. அதையே சொல்லுங்கள்.

முன்பு தனிப் பிரிவாக இருந்த ஆஸ்பெர்ஜர் நிலை 2013-ல் அமெரிக்கக் கையேட்டில் ஆட்டிச நிறமாலை (ஸ்பெக்ட்ரம்) என்ற ஒரே பெரிய வகைக்குள் சேர்க்கப்பட்டது. அந்தப் பெயருக்குரிய மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்ஜர் நாஜி ஆட்சியின்போது வியன்னாவில் குழந்தைகளை, அவர்கள் கொல்லப்பட்ட ஒரு மருத்துவமனைக்கு அனுப்பியதற்கான ஆவணங்களை வரலாற்றாய்வாளர் ஹெர்விக் செக் 2018-ல் வெளியிட்டார். அதன்பின் அந்தப் பெயரைப் பலர் விட்டுவிட்டார்கள். ஆனால் பல வருடங்களுக்கு முன் அந்தப் பெயரில் பரிசோதனை முடிவு வாங்கியவர் தன்னை அப்படியே சொல்லிக்கொண்டால், அவரைத் திருத்தாதீர்கள்.

"மைல்டு ஆட்டிசமா, சிவியர் ஆட்டிசமா?" என்ற கேள்வி பெற்றோரிடம் அடிக்கடி வரும். அதைவிடத் தேவையைச் சொல்வது எல்லோருக்கும் பயன்படும்: "நன்றாகப் பேசுவார், கூட்டமான இடத்தில் ஒருவர் உடன் இருக்க வேண்டும்", "பேச மாட்டார், எழுதிக் காட்டினால் புரிந்துகொள்வார்". புதிதாக வருகிற ஆசிரியருக்கு இந்த ஒரு வரி எந்த வகைப்பெயரையும்விட உதவும்.

கேட்டுத் தெரிந்துகொள்வது எப்படி

நேராகக் கேட்கலாம். தாயிடம் என்றால் இப்படி: "அக்கா, தம்பியைப் பத்தி ஆண்டு மலர்ல எழுதறோம். அவரோட நிலையைப் பத்திச் சொல்லலாமா? சொன்னா எந்தச் சொல் உங்களுக்குச் சரியா இருக்கும்?" என்று கேளுங்கள். "ஆட்டிசம்னே போடுங்க" என்பார் ஒருவர். "அதெல்லாம் எதுக்கு, நல்லாப் படம் வரைவான்னு மட்டும் எழுதுங்க" என்பார் இன்னொருவர். இரண்டையும் அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். அந்தத் தம்பியிடமும் கேளுங்கள். பெற்றோர் சொல்லும் சொல்லும் அவர் சொல்லும் சொல்லும் வேறாக இருந்தால், அவரைப் பற்றி எழுதும்போது அவர் சொன்னதே முன்னால் நிற்க வேண்டும்.

பாட்டி ஒருவர் "மூளை வளர்ச்சி இல்லாத புள்ளைங்க" என்று கண் கலங்கிச் சொல்வார். அவரை நிறுத்திப் பாடம் எடுக்காதீர்கள். அந்தப் பிள்ளையை இத்தனை வருடம் குளிப்பாட்டிச் சோறு ஊட்டியவர் அவர். நீங்கள் உங்கள் பதிலில் சரியான சொல்லைச் சொல்லிக்கொண்டே போங்கள், காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஆனால் தலைமையாசிரியரோ மருத்துவரோ மேடைப் பேச்சாளரோ அதே சொல்லைச் சொன்னால் தனியாக அழைத்துச் சொல்லத்தான் வேண்டும். அவர்கள் சொல்வதை நூறு பேர் திருப்பிச் சொல்வார்கள்.

வசவும் சட்டமும்

லூசு, மெண்டல், மக்கு, அரைவேக்காடு போன்றவற்றை நண்பர்களுக்குள் விளையாட்டாகச் சொல்வதும் சிறப்புப் பள்ளி வளாகத்துக்குள் வேண்டாம். வெளியேயும் குறைத்துக்கொண்டால் நல்லது. மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதித்தால், 2016-ம் ஆண்டுச் சட்டத்தின் 92-வது பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறையும் அபராதமும் உண்டு. திரைப்படங்களில் மாற்றுத்திறனாளிகளைக் காட்டும் விதம் பற்றி உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தந்த தீர்ப்பில், இழிவுபடுத்தும் சொற்களைத் தவிர்க்க வேண்டும் என்றும், அவர்களைப் பற்றி எடுக்கும்போது அவர்களையே கலந்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னது. குறும்படம் எடுக்க வருகிற கல்லூரி மாணவர்களிடம் இந்தத் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சேர்ந்த முதல் மாதத்தில் செய்ய வேண்டியது

பள்ளியின் பெயர்ப்பலகை, ரசீதுப் புத்தகம், நன்கொடை கேட்டு அனுப்பும் கடிதம், வாட்ஸ்அப் குழுவின் பெயர், வேனின் பக்கவாட்டு எழுத்து இவற்றை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பழைய சொற்கள் பெரும்பாலும் அங்கேதான் தங்கியிருக்கும். பதிவு பெற்ற அறக்கட்டளையின் பெயரிலேயே பழைய சொல் இருந்தால் அதை மாற்றச் சட்ட நடைமுறை உண்டு, நேரமும் ஆகும். அதை நிர்வாகத்திடம் விட்டுவிடுங்கள். ரசீதும் கடிதமும் அடுத்த முறை அச்சடிக்கும்போதே மாறிவிடலாம். வேனின் எழுத்தை முதலில் மாற்றச் சொல்லுங்கள். அதில் ஏறி இறங்குகிறவர்களைத் தெருவே தினமும் அந்த எழுத்தோடு சேர்த்துத்தான் பார்க்கிறது. மாற்றுகிற வாசகத்தை முடிவு செய்யும் கூட்டத்தில், அந்த வேனில் போகிறவர்களில் இரண்டு பேராவது உட்கார்ந்திருக்கட்டும்.